நீர் வந்த வழி

சென்ற மே மாதம் சென்னையிலிருந்து வந்து இறங்கிய என் தகப்பனார், 22 மணி நேர விமானப் பிரயாணத்தின் அலுப்புக் கூடத் தீராத நிலையில், மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டு ஸ்நான அறைக்குள் போனவர் வெகு நேரமாகியும் வெளியே வராததைக் கண்டு, தேக அசௌகரியம் ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று நான் கதவைத் தட்டிக் கேட்டபோது, உள்ளேயிருந்து வந்த பதில் என் கவலைக்குச் சற்றும் சம்பந்தமில்லாததாக இருந்தது. "இங்க வாடா. இந்தத் தகரம் கீழ பூரா போயிடுச்சு. நீ பார்த்தியா இல்லியா?" என்றார். கதவைத் திறந்தால், 73 வயது மனிதர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுவரோரத்து ஹீட்டரின் கீழ் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய விரல் நுனியெல்லாம் காவிப் பொடி.

பார்த்தேனா என்றால் பார்த்துத்தான் இருந்தேன். மூன்று வருஷங்களுக்கு முன் இந்த வீட்டை வாங்கியபோது அந்த விளிம்பில் மிளகளவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்ததாக ஞாபகம். அடுத்த வருஷம் அது அவரைக்காய் நீளத்துக்கு வளர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம் வெள்ளைப் பூச்சு அப்பளம்போலக் கொப்பளித்து, விரல் பட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. நானோ, வீட்டுக்கு விருந்தினர் வருகிற தினங்களில் குப்பைக் கூடையை அந்த இடத்துக்கு முன்னால் நகர்த்தி வைப்பதும், அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் கூடையைப் பழைய மூலைக்கே கொண்டுபோவதுமாக, அதையே ஒரு பரிகாரமாக அனுஷ்டித்து வந்தேன்.

என் தகப்பனார் பெரம்பூர் காரேஜ் ஒர்க்ஸில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அதே பெரம்பூரில் 1955-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து புதுமணப் பெண்போலப் பளபளவென்று புறப்பட்டுப் போகிற ரயில் பெட்டிகள், தேசமெல்லாம் அலைந்து, மழையிலும் வெயிலிலும் அடிபட்டு, பதினெட்டு மாதங்களுக்கு ஒரு முறை 'பி.ஓ.எச்.' என்னும் பெரிய பரிசோதனைக்காக ஒர்க்ஸ்களுக்குத் திரும்புமே, அப்போது அவற்றின் தரைத் தகடுகளைப் பெயர்த்து, துரு தின்ற பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்கிற பகுதியில் அவருக்கு வேலை. மற்றவர்களுக்கு உபத்திரவமான துரு, எங்கள் குடும்பத்துக்கு ஜீவனோபாயமாக இருந்தது. அது போட்ட சாதத்தில் வளர்ந்து படித்துத்தான் நான் அமெரிக்காவுக்கு வந்தேன் என்பதை அன்று காலை ஸ்நான அறை வாசலில் நின்றபோது சற்று வெட்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு இந்த ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பாஸ்டனுக்கு மேற்கே, வூஸ்டர் நகரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில், இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு கட்டப்பட்ட சிறு வீடுகள் நிறைய; எங்களுடையது 1956-ல் கட்டியது. ஜனவரி இரவுகளில் வெளியே மைனஸ் 15 டிகிரி செல்ஷியஸ் வரை இறங்குவது இங்கே அதிசயமல்ல. நிலவறையில் எண்ணெயை எரித்து ஓடும் ஒரு பாய்லர் ஜலத்தைச் சுமார் 82 டிகிரி, இவ்வூர்க் கணக்கில் 180 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் காய்ச்ச, ஒரு சிறு பம்ப் அந்த வெந்நீரை முக்கால் அங்குலச் செப்புக் குழாய்கள் வழியே வீடெங்கும் சுற்றிவரச் செய்கிறது. வெளிச்சுவர்களின் ஓரமாகத் தரையை ஒட்டி ஓடும் அந்தக் குழாயின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் மீன் செதில்களைப்போல நெருக்கமாகக் கோத்திருக்கும். இந்தச் செதில் குழாயை மூடியிருப்பது ஒரு சாண் உயரமுள்ள எஃகுத் தகர உறை. இதற்குத்தான் பேஸ்போர்டு ஹீட்டர் என்று பெயர்.

உறை வெறும் அழகுக்காக வைத்தது என்று நானும் வெகு நாள் எண்ணியிருந்தேன். அதை அடியோடு கழற்றி எறிந்துவிட்டால் துருவின் தொல்லையும் ஒழிந்தது என்று ஒரு யோசனை கூட எனக்கு இருந்தது. நல்ல வேளையாக அப்படிச் செய்யவில்லை. தரைக்கும் உறையின் அடி விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே குளிர்ந்த காற்று புகுந்து, செதில்களில் பட்டு உஷ்ணமேறி லேசாகி, மேலேயுள்ள இடுக்கு வழியாக அறைக்குள் எழும்புகிறது. காற்றைக் கீழிருந்து இழுத்து மேலே விடும் ஒரு குட்டையான புகைபோக்கியின் காரியத்தை இந்தத் தகரம் செய்கிறது. அது இல்லையென்றால் இழுப்பும் குறையும். சூடான குழாயில் குழந்தையின் கைபடும். செதில்களும் உதைபட்டு நசுங்கும். ஆகையால் உறை வேண்டும். அது துருப்பிடிக்காத உறையாக இருக்க வேண்டும்.

உள்ளூர் ஹீட்டிங் வேலைக்காரர் ஒருவரை முந்தின வருஷமே கூப்பிட்டுக் காட்டியிருந்தேன். பழைய உறையைத் தயாரித்தவர்கள் இப்போது அந்த அளவில் செய்வதில்லை, எனவே முழுவதையும் மாற்ற வேண்டும், கூலியோடு 400 டாலர் ஆகும் என்றார். பழைய உறையின் மேலேயே சட்டைபோல மாட்டிவிடக்கூடிய புது மூடிகள் கடையில் கிடைக்கின்றன. பார்வைக்கும் நன்றாக இருக்கின்றன. அவற்றின் படத்தைத் தகப்பனாரிடம் காட்டினேன். "புண்ணு மேல பட்டு வேட்டி கட்டற மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிற்பாடு யோசித்ததில், அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளே துருவைச் சுரண்டி நிறுத்திவிட்டு மேலே புது மூடி மாட்டுவதில் தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஊரில் இருக்கும்வரை அந்த அபிப்பிராயத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உப்புத்தாளும் பெயிண்டும் வாங்கிவரக் கடைக்குப் புறப்பட்ட என்னை அவர் தடுத்து நிறுத்தினார்.

"பெயிண்ட்டு கடைசி. முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

"பாத்ரூம்னா தண்ணி இருக்கத்தானே செய்யும், அப்பா?"

"எல்லா இடமும் நனையுது. இங்க மட்டும் ஏன் அழுகுது? ரயில் பெட்டில மொதல்ல எங்க தரை போகும் தெரியுமா? கக்கூஸ் பக்கத்துல. மேல பளபளன்னு பெயிண்ட்டு இருக்கும். தரையைப் பெயர்த்தா, கீழ தண்ணி தேங்கி, தகடு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். தண்ணிய விட்டுட்டுத் தகட்டை மட்டும் மாத்தினா, அடுத்த பி.ஓ.எச்.க்கும் அதே பெட்டி அதே ஓட்டையோட வந்து நிக்கும்."

இது அவர் எனக்குச் செய்த பிரசங்கமல்ல. அந்தப் பழைய மாதிரிப் பெட்டிகளைக் கையாண்டவர்கள் எல்லாரும் அறிந்த உண்மை. கழிப்பறையை ஒட்டிய தரையும், வாசற்படி ஓரமும், ஜன்னலுக்குக் கீழே உடல் தகடு உள்ளே வளைகிற பாகமும்தான் முதலில் அரித்துப்போகும். அவர் ஓய்வுபெற்ற பிற்பாடு, 2018-ல் ஐ.சி.எஃப். அந்த மாதிரிப் பெட்டிகளின் தயாரிப்பையே நிறுத்திவிட்டு, துருப்பிடிக்காத எஃகினாலான ஜெர்மானிய முறைப் பெட்டிகளுக்கு முற்றிலும் மாறிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த தினத்தன்று அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று என் தாயாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட உபாயம், எட்டணாச் செலவில்லாதது. சமையலறையிலிருந்து காகிதத் துவாலைச் சுருள் ஒன்றை எடுத்துவந்து, விரற்கடை அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஹீட்டரின் அடிவிளிம்பு நெடுகிலும் தரைக்கும் தகரத்துக்கும் இடையே செருகி வைத்தார். இரண்டு தினங்கள் வீட்டில் எல்லாரும் வழக்கம்போல் அந்த அறையை உபயோகித்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொருவர் வெளியே வந்தபின்னும் அவர் உள்ளே போய்ப் பட்டைகளைப் பரிசோதிப்பார். இதனால் குடும்பத்தாருக்கு ஏற்பட்ட சங்கோசத்தை அவர் ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

ஹீட்டரின் வலது கோடி குளியல் தொட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முடிகிறது. ஷவரில் குளிக்கும்போது திரைச்சீலையின் ஓரம் சுவரை விட்டு விலகி நிற்கிற இரண்டு அங்குல இடுக்கு வழியாக ஜலம் தெறித்து, தொட்டியின் வெளிப்புறமாக வழிந்து, தரையோடு ஓடி அந்தக் கோடியை நனைத்தது. திரையை உள்பக்கமாக விட்டு, சுவரோரத்தில் ஒரு கொக்கி அடித்ததோடு அந்த விவகாரம் முடிந்தது.

இடது கோடிதான் பெரிய கதை. அது கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது; துருவும் அங்கேதான் உச்சம். அங்கே செருகிய பட்டைகள் எப்போது பார்த்தாலும் ஈரமாயிருந்தன. இரண்டாவது தினம் மாலையில் தகப்பனார் ஒன்றும் பேசாமல், பீங்கானுக்கு அருகே வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் வாளியையும் அதில் மிதந்துகொண்டிருந்த மக்கையும் சுட்டிக்காட்டினார். எங்கள் வீட்டில் அந்த வாளி அமெரிக்கா வந்த முதல் வாரத்தில் இந்தியக் கடையில் வாங்கியது. வீடு மூன்று மாறியும் வாளி மாறவில்லை. இந்தத் தேசத்து ஸ்நான அறையில் தொட்டிக்கு வெளியே ஒரு சொட்டு ஜலம் சிந்தக்கூடாது என்பது கட்டியவனுடைய சங்கற்பம். தரையில் சரிவு கிடையாது. தண்ணீர் போக ஜாலி கிடையாது. சுவரோரத்தில், நம் ஊரில் எவனும் இரும்பை வைக்கத் துணியாத உயரத்தில், தகர உறையை நிம்மதியாகப் பொருத்திவைத்திருக்கிறான். அவன் காகிதத்தால் துடைப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டினான். நாங்கள் வந்து மக்கில் முகந்து கழுவினோம். 1956 முதல் அறுபத்தைந்து வருஷ காலம் மிளகளவுப் புள்ளியோடு நின்ற துரு, எங்கள் வாளி வந்த மூன்றே வருஷத்தில் தகட்டைத் துளைத்துவிட்டது என்றால், இதில் யாரைக் குற்றம் சொல்வது?

ஜலம் மட்டுமாக இருந்தால்கூடப் பாதகமில்லை. எங்கள் ஆறு வயதுப் புத்திரன் நின்றபடி குறி பார்ப்பதில் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. சிறுநீரில் உள்ள உப்பு, துருவின் வேகத்தைக் கூட்டக்கூடியது. அதன் வாடை போக வேண்டுமென்று நான் வாரந்தோறும் அந்த மூலையில் ப்ளீச் தெளித்து வந்தேன். அதுவோ உப்பைக் காட்டிலும் இரும்புக்குப் பகை. சுத்தம் செய்கிறேன் என்கிற திருப்தியோடு நானே என் கையால் அந்தத் தகரத்துக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாளியை என்ன செய்வது என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 2020-ல் கடைகளில் கழிப்பறைக் காகிதம் கிடைக்காமல் போனபோது அமெரிக்கர்களே கூட்டம் கூட்டமாக வாங்கிய 'பிடே' என்னும் நீர்த்தாரை இணைப்பு ஒன்றை, பீங்கானின் இருக்கைக்குக் கீழேயே பொருத்துகிற மாதிரியாக வாங்கி மாட்டினேன். தாரை உள்ளேயே அடித்து உள்ளேயே விழுவதால் வெளியே சிந்துவதற்கு இடமில்லை. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள், என் தாயாரைத் தவிர. "யந்திரம் கழுவி விடறது எனக்குச் சுத்தமா இல்ல" என்று அவர் சொன்னதற்கு எதிர்வாதம் இல்லை. வாளி பீங்கானின் மறுபக்கத்துக்கு, ஹீட்டர் இல்லாத சுவரோரத்துக்கு இடம் மாறியது. அடியில் ஒரு ரப்பர் தட்டும் வந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகே ஜூன் முதல் வாரத்தில் உறையில் கைவைக்க அவர் உத்தரவு கொடுத்தார். காலமும் உசிதமானதுதான்: பாய்லர் வீட்டை உஷ்ணமாக்குவதை நிறுத்தியாகிவிட்டது, ஜன்னலைத் திறந்துவைக்கலாம், பெயிண்டு காய்வதற்கு வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது.

ஆரம்பிக்குமுன் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது 1978-ல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டில் எந்தப் பூச்சையும் யோசியாமல் தேய்த்துப் பொடியாக்கிவிட்டால், அந்தத் தூசி குழந்தைகளின் மூளைக்குக் கேடு. மாசசூசெட்ஸில் இதற்கென்று தனிச் சட்டமே உண்டு. தகப்பனாருக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்தக் காலத்தில் ஈயச் செந்தூரப் பிரைமரை வெறுங்கையோடு பூசிய தலைமுறை அவருடையது. இருந்தாலும், கத்தி முனையால் எல்லாப் பூச்சு அடுக்குகளும் தெரியும்படி ஒரு கீறல் போட்டு, கடையில் விற்கும் சோதனைக் குச்சியை அதில் தேய்த்தேன். செந்நிறம் கண்டால் ஈயம். எங்கள் அதிர்ஷ்டம், நிறம் மாறவில்லை. அப்படியும் தூசி பறக்காதபடி நனைத்தே தேய்ப்பது என்றும், முகமூடி போடுவது என்றும், பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நிறம் மாறியிருந்தால் அந்த வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டிருப்பேன். தகப்பனார் எவ்வளவு பரிகசித்தாலும் சரியே.

முன்தகட்டின் அடிப்பாகத்தைத் தன் பக்கம் இழுத்து மேலே தூக்கினால் கொக்கிகளிலிருந்து கழன்று வர வேண்டும். ஆனால் எழுபது வருஷத்துக் குடித்தனக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராகப் பூசிய பெயிண்டு, இணைப்புகளை ஒட்டிவைத்திருந்தது. பிளேடால் கோடு கிழித்து, திருப்புளியால் நெம்பியபின் முனகிக்கொண்டு வந்தது. உள்ளே செதில்களுக்கு நடுவே கம்பளிபோல் தூசி. வாக்குவம் குழலில் பிரஷ் மாட்டி உறிஞ்சினோம். செதில்களின் ஓரம் சவரக் கத்திபோல் இருப்பதால் கையுறை அவசியம். அதைச் சொல்லியும் கேளாமல் தகப்பனார் ஒரு விரலை அறுத்துக்கொண்டார். தூசிக்குள்ளிருந்து ஒரு ஊக்கும், லீகோ பொம்மைக்காரன் ஒருவனும், 1964-ம் வருஷத்து ஒரு சென்ட் நாணயமும் கிடைத்தன. ஊக்கு துருவாகவே மாறியிருந்தது. நாணயம் செப்பாகையால் கறுத்துக் களிம்பேறி இருந்ததே தவிர அதன்மேல் இருந்த லிங்கனுடைய தாடிக்குக்கூடச் சேதமில்லை. சமையலறையில் போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து பேரனுக்குக் கொடுத்தார்.

முன்தகட்டை வெளியே கொண்டுபோய்ப் புல்தரையில் வைத்து ஆராய்ந்தபோது, அவருடைய முதல் சோதனை திருப்புளியால் குத்திப் பார்ப்பது. 'டங்' என்று சத்தம் வந்தால் இரும்பு பிழைத்திருக்கிறது; 'பொத்' என்று உள்ளே போனால் அது தகடாக இல்லை, வெறும் துரு. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடுகிறது. அதனால்தான் பெயிண்டு கொப்பளிக்கிறது, கொப்பளித்த இடுக்கில் மேலும் ஈரம் புகுகிறது, புகுந்த ஈரம் பக்கத்து இரும்பையும் தின்கிறது. இடது முனையில் நான்கு அங்குல நீளத்துக்குத் திருப்புளி தாராளமாக உள்ளே போயிற்று. அந்தப் பாகத்தைத் தகரம் வெட்டும் கத்திரியால் அறுத்து எறிந்துவிட்டு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் ஒரு துண்டை வளைத்து, ரிவெட் அடித்துப் பொருத்தினார். துத்தநாகம் விசித்திரமான தியாகி. பக்கத்தில் இரும்பு இருந்தால் தான் முன்னால் கரைந்து அதைக் காப்பாற்றும். ஒட்டுப் போட்டது போல் தெரியுமே என்றேன். "ரயில் பெட்டில எல்லாமே ஒட்டுத்தான்டா" என்றார்.

மீதியை முதலில் கம்பி பிரஷ்ஷாலும், பிறகு 80, 120, 220 என்று வரிசையாக உப்புத்தாளாலும் தேய்த்தோம். வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் சுவரோடு ஆணியடித்திருக்கும் பின்தகட்டைக் குழாயை அறுக்காமல் கழற்ற முடியாது; அங்கே குழாய்க்கு அடியில் கைவிரல் நுழையும் அளவுக்கே இடம் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கென்று 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்னும் திராவகம் கடையில் விற்கிறது. உதிரும் துருவைத் தட்டிவிட்டு மீதியின்மேல் அதைப் பூசினால், பழுப்பு நிறத் துரு கண்ணெதிரே நீலம் கலந்த கறுப்பாக மாறி இறுகிவிடுகிறது. டப்பாவில் 'டானிக் ஆஸிட்' என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டியதும் தகப்பனார் சிரித்துவிட்டார். "கடுக்காய் மை!" என்றார். உண்மைதான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்புச் சத்தான அன்னபேதியும் கலந்தால் கறுப்பு மை ஆகும் என்பது நம் முன்னோருக்குப் பாலபாடம். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்களும், கடுக்காயில் தோய்த்த துணியின்மேல் வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீரைத் தீட்டித்தான் அந்தக் கறுப்பைப் பெறுகிறார்கள். துணியில் எழுத்தாகிற ரசாயனமே இந்தத் தகரத்தில் கவசமாகிறது. அந்தக் கறுப்பைக் காய்ந்த உடனே பெயிண்டால் மூட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

பிரைமருக்கு நான் போய் வாங்கிவந்தது ரஸ்ட்ஓலியம். ராபர்ட் ஃபெர்குஸன் என்கிற கப்பல் தலைவர், துருவேறிய மேல்தளத்தில் சிந்திய மீன் எண்ணெய் துரு பரவுவதைத் தடுத்ததைக் கவனித்து, அதிலிருந்து பெயிண்டு செய்ய முயன்று, 1921-ல் ஆரம்பித்தது அது. டப்பாவைத் திறந்தால் உள்ளே நம் ஊர் ஜன்னல் கம்பிகளுக்குப் பொங்கலுக்கு முன்னால் அடிக்கிற அதே செங்காவி நிறம். அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருளும் இரும்பு ஆக்ஸைடுதான். துருவைத் தடுக்க, எண்ணெயில் குழைத்த துருவைப் பூசுகிறோம்! ஒரு கை பிரைமர், ஒரு நாள் காய்ச்சல், அதன்மேல் எண்ணெய் எனாமல் இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். அடுப்புக்கு அடிக்கிற அதிக உஷ்ணப் பெயிண்டு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. வெந்நீர் ஹீட்டரின் உறை குழாயைவிடக் குறைவாகவே சுடுவதால் சாதாரண எனாமல் தாங்கும். தகப்பனார் வெளிப்பக்கத்தை என்னிடம் விட்டுவிட்டு, யாரும் பார்க்கப்போகாத உள்பக்கத்தையும், மடித்த அடிவிளிம்பின் உட்புறத்தையும், ரிவெட்டின் தலைகளையும் தாமே சிறு பிரஷ்ஷால் மூன்று முறை பூசினார். ஜலம் தங்குவது அங்கேதானாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தில் ஓடும் பேஸ்போர்டு ஹீட்டரும் பார்வைக்கு இப்படியே இருக்கும். அதற்குள் ஓடுவது பெரும்பாலும் 240 வோல்ட். பிரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லையென்று மீட்டர் வைத்து நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் அதன் மூடியைத் தொடக்கூடாது. அதற்குப் பூசுவதானால் உஷ்ணம் தாங்கும் பெயிண்டுதான் வேண்டும். துரு உள்ளே கம்பி இணைப்பு வரை போயிருந்தால், பூச்செல்லாம் வீண், புதிது வாங்குவதே உத்தமம்.

ஜூன் கடைசியில் உறையைத் திருப்பி மாட்டினோம். நானும் கைகழுவி விட்டேன். ஜூலை நடுவில், காற்றே வெந்நீர்த் துணிபோல் மேலே ஒட்டுகிற ஒரு வாரத்தில், தகப்பனார் மறுபடியும் ஸ்நான அறையில் வெகு நேரம் தங்கலானார். வெளியே வந்தபோது கையில் நனைந்த காகிதப் பட்டை. முகத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பரம சந்தோஷம். இடது கோடி மீண்டும் ஈரம். வாளி இல்லை, பிள்ளை கோடைகால முகாமுக்குப் போயிருக்கிறான், பின் எப்படி? பீங்கானின் பின்னாலுள்ள ஜலத் தொட்டி வேர்த்துக்கொண்டிருந்தது. பூமிக்குள்ளிருந்து வரும் ஜலம் கோடையிலும் சில்லென்றிருக்கிறது. ஐஸ் போட்ட லோட்டா வேர்ப்பதுபோல, அந்தப் பீங்கானின் புறத்தில் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, அடியில் திரண்டு, சரியாக எங்கள் ரிவெட்டின்மேல் சொட்டியது. மேயில் பட்டை வைத்துப் பார்த்தபோது இந்த வேர்வை இன்னும் ஆரம்பமாகவில்லை.

தொட்டியை வடித்து, உட்சுவரில் ஒட்டுவதற்கென்றே விற்கிற நுரைப்பலகையை ஒட்டினேன், சொட்டுவது நின்றது. அதோடு விடாமல் தகப்பனார், மேற்கூரையில் உள்ள காற்றுப்போக்கி விசிறியின் முகத்தில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். ஓடும் விசிறி அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். எங்களுடையதிலிருந்து காகிதம் நிதானமாகக் கீழே விழுந்தது. சதுர அடிக்கு நிமிஷத்துக்கு ஒரு கன அடி, எவ்வளவு சிறிய அறையானாலும் குறைந்தது 50 கன அடி என்பது இங்கே சொல்லும் கணக்கு. எங்கள் அறை ஐந்துக்கு எட்டு. புது விசிறி போட்டு, குளித்தபின் இருபது நிமிஷம் ஓடும்படி ஒரு டைமரும் வைத்தோம். 400 டாலரை மிச்சப்படுத்தப் புறப்பட்ட காரியத்தில், பிடே, விசிறி, நுரைப்பலகை, பெயிண்டு எல்லாம் சேர்ந்து கடைசியில் எவ்வளவு ஆயிற்று என்பதை என் மனைவி கூட்டி வைத்திருக்கிறாள், நான் கேட்கவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் பெற்றோர் ஊருக்குத் திரும்பினார்கள். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு திடீரென்று குளிர, பாய்லர் விழித்துக்கொண்டது. உஷ்ணமேறிய தகரம் நீண்டு 'டிக், டிக்' என்று சத்தமிட்டது. அறையில் லேசான பெயிண்டு வாடை ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. மறுநாள் வீடியோவில் கூப்பிட்டபோது, பெரம்பூரில் பொழுது சாய்ந்திருந்தது. சுகம் விசாரிப்பதற்கு முன்னால், "அடி விளிம்பைக் காட்டு" என்றார் தகப்பனார். தரையில் படுத்து, தொலைபேசியின் விளக்கைப் போட்டு, மெதுவாக வலமிருந்து இடமாகக் காட்டிக்கொண்டே போனேன்.

"நிறுத்து. அந்த மூலைல செவப்பா ஒரு பொட்டு தெரியுதே?"

"அது துரு இல்லப்பா. பிரைமர். அங்க எனாமல் சரியா படல."

"ரெண்டும் ஒரே நெறந்தான். நகத்தால சுரண்டிப் பாரு."

சுரண்டினேன். வரவில்லை. விரலைக் காமிராவுக்கு நேராகத் திருப்பி, நகக்கண்ணைக் காட்டினேன்.